ஜீப்புக்கு வீட்லயே பெயிண்ட்: ப்ரஷ்ஷும் ரோலரும் போதும் மக்கா

பானட்ல முகம் பாத்து தல சீவணும்னு ஆசப்படுறவங்க இத படிச்சு நேரத்த வீணாக்க வேண்டாம், அவங்களுக்கு ஸ்ப்ரே பூத் இருக்கு, துட்டு இருந்தா அங்க போகட்டும். இது உரமும் தேங்காயும் ரப்பர் ஷீட்டும் ஏத்துற ஒரு பழைய ஜீப்ப வீட்டு சாய்ப்புல நிறுத்தி, ப்ரஷ்ஷும் நாலு இஞ்ச் ரோலரும் வச்சு பெயிண்ட் அடிச்ச கத. வண்டி மஹிந்திரா எம்எம் 540, அந்த பழைய பெஜோ எக்ஸ்டிபி டீசல் எஞ்சின், 2112 சிசி, ஸ்டார்ட் பண்ணுனா தெருவுக்கே தெரியும். நாங்க கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம், தோட்டத்துக்கு போற பாதை பாதி செம்மண்ணு பாதி பாற, மழ பெஞ்சா ஃபோர் வீல் போடாம ஏறாது. அப்பா காலத்துல இருந்து இந்த வண்டிதான், விக்கிறதா இருந்தா அம்மை என்ன விட்டுட்டு வண்டிய வச்சுக்கிடும்.

பெயிண்ட் வெளுத்து கைய வச்சா மாவா ஒட்டும், அது பரவால்ல, ஆனா தகடு சேருற எடமெல்லாம் பெயிண்ட் கொப்புளிச்சு நிக்க ஆரம்பிச்சிருச்சு, கொப்புளம் வந்தா அடியில துரு வேல செய்யுதுன்னு அர்த்தம். நாகர்கோவில்ல ஒரு எடத்துல கேட்டேன், டிங்கரிங் தனி பெயிண்டிங் தனின்னு சொல்லி அவரு சொன்ன தொகைக்கு நான் இன்னொரு வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துரலாம். துட்டு மட்டும் காரணம்னா கூட எப்பிடியாவது பெரட்டியிருப்பேன், ஆனா யோசிச்சு பாத்தா அந்த பெயிண்ட் எனக்கு எதுக்கு? டூ-கே பியூ பெயிண்ட், அதாவது ஹார்ட்னர் கலந்து ஸ்ப்ரே பண்ற பாலியூரித்தேன், நல்ல பெயிண்டுதான், பளபளப்பு நிக்கும், பெட்ரோல் ஊத்துனாலும் ஒண்ணும் ஆகாது, நான் கொற சொல்லல. ஆனா எங்க தோட்டத்து வழியில ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி, எளந்தோட்டத்துல ஊடால போட்டிருக்கிற அன்னாசி, அது எல நுனி முள்ளு, ஒரு தடவ போய்ட்டு வந்தாலே பக்கவாட்டுல கோடு கோடா விழும். ஸ்ப்ரே பண்ணுன வண்டியில ஒரு ஆழமான கீறல் விழுந்தா அந்த பேனல் முழுசா திரும்ப அடிக்கணும், அதுக்கு வண்டிய கொண்டு போய் நிறுத்தணும், வெல கேக்கணும், நாள் எண்ணணும். கையால அடிச்ச எனாமல்னா அன்னைக்கு வைகிட்டு எமரி போட்டு, மறுநாள் காலத்த டப்பாவ தொறந்து தொட்டு விட்டா முடிஞ்சுது. நான் இந்த வேலைய கையில எடுத்ததுக்கு ஒரே காரணம் இதுதான், மத்தபடி நான் பெயிண்டரும் இல்ல, ஆர்ட்டிஸ்டும் இல்ல.

"ப்ரஷ் வச்சு வண்டிக்கு பெயிண்டா, கேட்டு கதவுக்கு அடிக்க மாதிரியா?"ன்னு சிரிச்ச ஆளுங்க ஒருபாடு. அவங்களுக்கு ஒரு விஷயம், ஆரம்ப காலத்து கார் பெரும்பாலும் ப்ரஷ்ல அடிச்சதுதான், ஒரு கோட் காயணும் தேய்க்கணும் அடுத்த கோட் அடிக்கணும்னு ஒரு காருக்கு வாரக்கணக்குல ஆகும். 1920கள்ல டுபாண்ட் கம்பெனி டூகோன்னு சீக்கிரம் காயுற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் கொண்டு வந்து, ஜெனரல் மோட்டார்ஸ் அத 1924 மாடல் ஓக்லாண்ட் கார்ல போட்ட பொறவுதான் ஸ்ப்ரே கன் பெருசா உள்ள வந்துச்சு. ஸ்ப்ரே வந்தது வேகத்துக்கு, ப்ரஷ் மட்டம்ங்கிறதுக்காக இல்ல. குளச்சல்லயும் தேங்காப்பட்டணத்துலயும் உப்புக்காத்துல நிக்கிற வள்ளத்துக்கு என்னத்த வச்சு பெயிண்ட் அடிக்கிறாவன்னு ஒரு நாள் போய் பாத்துட்டு வாங்க, பொறவு சிரிங்க.

கலர் விஷயத்துக்கு வாறேன். ஜீப்னு சொன்னதும் எல்லாரும் சொல்றது மிலிட்டரி பச்ச. ஒருத்தன் விடாம எல்லாவனும் அதையேதான் சொன்னான். அது நடக்காது மக்கா, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121வது விதி, ராணுவ வண்டிய தவிர வேற எந்த வண்டிக்கும் ஆலிவ் க்ரீன் அடிக்க கூடாதுன்னு நேரடியாவே சொல்லுது. ரோட்ல அப்பிடி வண்டி ஓடுறத நானும் பாத்திருக்கேன், அது அவங்க பாடு. அதுபோக ஆர்சியில என்ன கலர் இருக்கோ அதுல இருந்து மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி பதிஞ்சுக்கணும், இன்சூரன்ஸ்லயும் சொல்லணும். நம்ம வண்டி 15 வருஷம் தாண்டி அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க ஆர்சி புதுப்பிக்கிற கோஷ்டி, மார்த்தாண்டம் ஆபீஸ்ல கொண்டு போய் காட்டுறப்ப புக்குல ஒரு கலரும் நேர்ல ஒரு கலருமா நின்னு வெளக்கம் சொல்ல எனக்கு தெம்பு இல்ல. புக்குல க்ரே, அதனால க்ரே. எனாமல் ஷேட் கார்டுல டார்க் அட்மிரால்டி க்ரேன்னு ஒண்ணு இருக்கும், கப்பலுக்கு அடிக்கிற மாதிரி ஒரு சாம்பல், அதையே எடுத்தேன். ஏசியன், பெர்ஜர், நெரோலாக் எதுலயும் கெடைக்கும். கையால அடிக்கிறவங்களுக்கு இந்த மாதிரி இடைப்பட்ட கலர்தான் லாபம், கருப்பு, கருநீலம் எல்லாம் அடிச்சா தகட்டுல இருக்கிற ஒவ்வொரு மேடு பள்ளமும் ரோலர் புள்ளியும் வெயில்ல எழும்பி நிக்கும். வெள்ளைன்னா அழுக்கு, அதோட எனாமல் வெள்ள சாய்ப்புக்குள்ளயே நின்னா நாள்பட மஞ்சளிக்கும்.

எப்ப அடிக்கிறதுங்கிறது இங்க பெரிய கேள்வி, ஏன்னா நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூன்ல எடவப்பாதி, அதாவது தென்மேற்கு பருவமழ, அக்டோபர்ல இருந்து வடகிழக்கு, நடுவுல கொஞ்சம் மூச்சு விடும். மார்கழி தையில மழ கொறஞ்சாலும் பனி இறங்கும், எனாமல் காயுறதுக்கு முன்ன பனி விழுந்தா பளபளப்பு செத்து மங்கி போகும், அடுத்தது ரப்பர் எல உதிர்ற சீசன், காத்துக்கு பறந்து வந்து ஈர பெயிண்ட்ல ஒட்டுனா எல நரம்போட அச்சு விழும். அதனால எல உதிர்ந்து முடிஞ்சு, மண்டைக்காடு அம்மன் கோயில் கொடையும் கழிஞ்ச பொறவுதான் கை வச்சேன். ஏப்ரல் தாண்டுனா மத்தியானத்துக்கு மேல கோட மழ எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது, ஆக நமக்கு கெடைக்கிறது அந்த மாசி பங்குனி இடைவெளிதான்.

இப்ப துரு. இந்த வேலையில முக்கால்வாசி இதுதான், பெயிண்ட் அடிக்கிறது கடைசியில வர்ற சந்தோஷம் மட்டும். மொதல்ல கழட்ட முடியுறதெல்லாம் கழட்டுனேன், மேல் கேன்வாஸ் ஹூட்டோட கம்பி, விண்ட்ஷீல்ட் ஃப்ரேம், லைட்டு, கண்ணாடி, பம்பர், சீட், ஸ்டெப்னி ப்ராக்கெட். பேட்டரி வயர மொதல்ல கழட்டிருங்க, மறந்துராதீங்க. முப்பது வருஷம் திரும்பாத போல்ட்ட ஸ்பானர் போட்டு முறுக்குனா தலதான் முறியும், முந்தின நாளே டீசல்ல ஆயில் கலந்து ஊத்தி வச்சா பைய இளகும், அப்பிடியும் இளகாதத க்ரைண்டர் வச்சு வெட்டிட்டு புது போல்ட் போடுறது நல்லது, ஒரு போல்ட்டுக்காக ஒரு நாள் போக்க வேண்டாம். கழட்டுனதெல்லாம் தனித்தனி கவர்ல போட்டு மேல எழுதி வைங்க.

பெயிண்ட் கொப்புளிச்ச எடம்தான் துருன்னு நெனச்சிட்டிருந்தா ஏமாந்து போவீங்க, இந்த ஜீப்புல துரு ஒளிஞ்சிருக்கிற எடமே வேற. கால் வைக்கிற எடத்துல ரப்பர் மேட்ட தூக்கி பாருங்க, மழ வெள்ளம் (எங்க ஊர்ல தண்ணிக்கு வெள்ளம்னுதான் பேரு) மேட்டுக்கு அடியில போனா வெளிய வர வழி இல்ல, எங்க வண்டியில மேட்ட எடுத்ததும் தரை தகடு அடுக்கடுக்கா பொரிஞ்சு, ஸ்க்ரூ ட்ரைவர் வச்சு தட்டுனா 'டங்'ன்னு கேக்க வேண்டிய எடத்துல 'பொத்'துன்னு கேட்டுச்சு. அந்த சத்தம்தான் கணக்கு, வண்டி முழுக்க இப்பிடி தட்டிக்கிட்டே போங்க. அப்புறம் பேட்டரி ட்ரே, ஆசிட் சிந்தி சிந்தி அரிச்சிருக்கும். விண்ட்ஷீல்ட் ஃப்ரேமோட கீழ் மூலை, பீடிங்குக்கு அடியில. பின் கதவோட கீழ் மடிப்பு. சீட்டுக்கு அடியில டூல் பாக்ஸ். சேஸிஸ்ல லீஃப் ஸ்ப்ரிங் ஹேங்கருக்கு பின்னால செம்மண்ணு கட்டியா பிடிச்சு நிக்கும், ஒரு கம்பி எடுத்து குத்தி குத்தி எடுத்தா கையளவு வரும், மழக்காலம் பூரா அந்த மண்ணு ஈரத்த பிடிச்சு வச்சிருக்கு. தகட்டுல வெள்ளம் வடியுறதுக்கு ஓட்ட விட்டிருப்பாங்க, அதெல்லாம் அடைச்சு கெடக்கும், அத தொறந்து விடாம நீங்க எந்த ஊர் பெயிண்ட் அடிச்சாலும் வேஸ்ட்.

கந்த துணிக்குள்ள ஒரு சின்ன காந்தத்த சுத்தி பாடி மேல ஓட்டி பாருங்க, பிடிக்காம வழுக்குற எடத்துல பழைய பட்டி கனமா இருக்கு, முன்ன எவனோ ஓட்டய பட்டி வச்சு மூடிருக்கான்னு அர்த்தம். எங்க வண்டியில பின் ஃபெண்டர்ல அப்பிடி ஒரு உள்ளங்கை அளவு இருந்துச்சு. ஓட்ட விழுந்த எடத்துக்கு பட்டி மருந்து இல்ல, கேட்டுக்கிடுங்க. பட்டி வெள்ளத்த உறிஞ்சும், பின்பக்கம் தொறந்து கெடந்தா ஒரே மழக்காலத்துல ஊறி மேல இருக்கிற பெயிண்டயும் சேத்து தூக்கிரும். நல்ல தகடு தெரியுற வரைக்கும் வெட்டிட்டு புது தகடு வச்சு வெல்டிங்தான். அத நான் செய்யல, பக்கத்துல ஜன்னல் க்ரில் செய்யுற ஆள் வந்து கால் வைக்கிற எடத்துக்கும் ஃபெண்டருக்கும் வெட்டி ஒட்டி தந்தாரு. பட்டியெல்லாம் அதுக்கு மேல, மெல்லிசா, பள்ளம் நெரக்க மட்டும்.

அடுத்தது சுரண்டுறது. க்ரைண்டர்ல வயர் கப் ப்ரஷ் மாட்டி மேல் துருவ எடுத்துட்டு, குழி குழியா கருப்பா ஒட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு பாஸ்பாரிக் ஆசிட் இருக்கிற ரஸ்ட் ரிமூவர் தடவி, லேபிள்ல சொன்ன நேரம் விட்டு, நல்லா கழுவி உடனே தொடச்சு காய வச்சேன். கண்ணாடி, கையுறை, மாஸ்க் மூணும் இல்லாம க்ரைண்டர தொடாதீங்க, கப் ப்ரஷ்ல இருந்து கம்பி பிஞ்சு பறந்து வந்து சட்டையில குத்தி நிக்கும், கண்ணுல பட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. மாஸ்க் இன்னொரு காரணத்துக்கும் வேணும், பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, 2016லதான் வீட்டு பெயிண்டுக்கு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல ஈயம் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, அந்த காலத்து வண்டி பெயிண்டுக்கு அப்பிடி ஒண்ணும் கெடையாது. அதனால பழைய பெயிண்ட் கெட்டியா நிக்கிற எடத்துல வெள்ளம் தொட்டு வாட்டர் பேப்பர் போட்டு தேய்ங்க, பொடி பறக்காது, சின்ன பிள்ளைங்கள அந்த பக்கம் விடாதீங்க. முழு பெயிண்டயும் தகடு வரைக்கும் உரிக்கணும்னு இல்ல, கெட்டியா பிடிச்சு நிக்கிற பழைய பெயிண்ட் நல்ல அஸ்திவாரம்தான், 220 நம்பர் எமரி பேப்பர் போட்டு பளபளப்ப எடுத்தா போதும்.

இதுக்கு முன்ன ஒரு டெஸ்ட் பண்ணிருங்க. என்சி தின்னர்ல (முன்ன சொன்ன நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்ட இளக்குறது) ஒரு துணிய நனைச்சு மறைவான எடத்துல பழைய பெயிண்ட்ல கொஞ்ச நேரம் அழுத்தி பிடிங்க. கலர் அப்பிடியே கரைஞ்சு துணியில வந்தா அது என்சி பெயிண்ட். தோல் சுருங்குன கணக்கா சுருண்டா காத்துல காஞ்ச எனாமல். ஒண்ணும் ஆகலன்னா சூட்ல பதப்படுத்துன கம்பெனி பெயிண்ட் இல்லன்னா டூ-கே. இது எதுக்குன்னா, எனாமல் எல்லாத்து மேலயும் உக்காரும், ஆனா எனாமல் மேல என்சி அடிச்சா அதுல இருக்கிற காரமான தின்னர் கீழ இருக்கிறத தூக்கி சுருட்டிரும். அதே காரணத்தாலதான் எனாமல்ல கலக்க என்சி தின்னர் வேண்டாம்னு சொல்றது, மினரல் டர்பன்டைன்தான்.

இங்க இருக்கிற காத்து ஈரத்துக்கு சுத்தமாக்குன தகடு ஒரு ராத்திரி தாங்காது. ஒரு பானட் ஓரத்த வெள்ளியா மின்ன மின்ன தேச்சு, வேர்த்த கைய ஊனி எந்திச்சு போயிட்டு மறுநாள் காலத்த வந்து பாத்தா, அஞ்சு வெரலும் உள்ளங்கையும் ரேக சுத்தமா காவி கலர்ல அச்சடிச்சு நிக்குது. கை வேர்வையில இருக்கிற உப்புக்கு அவ்வளவு வேல. அதனால ஒரே மூச்சுல வண்டி முழுக்க தேய்க்கிற வீரமெல்லாம் வேண்டாம், ஒரு பேனல் எடு, தேய், டர்பன்டைன்ல தொட, அன்னைக்கே ப்ரைமர் அடி, அப்புறம் அடுத்த பேனல். நேரம் கூடத்தான் ஆகும்.

ப்ரைமர்ல நான் ரெண்டு வகை எடுத்தேன். கால் வைக்கிற எடம், தரை, வீல் ஆர்ச்சுக்கு உள்பக்கம், பேட்டரி ட்ரே, இங்கெல்லாம் டூ பேக் எப்பாக்சி ப்ரைமர், ரெண்டு டப்பாவையும் அவங்க சொன்ன அளவுல கலக்கி, கொஞ்ச நேரம் அப்பிடியே வச்சுட்டு அடிக்கணும், கலந்தது சில மணி நேரத்துல டப்பாவுக்குள்ளயே எறுகிரும், அதனால தேவைக்கு மட்டும் கலக்குங்க. மத்த எடத்துக்கு ரெட் ஆக்சைட் மெட்டல் ப்ரைமர். ரெட் ஆக்சைட் அடிச்ச உடனே வண்டிக்கு பாதுகாப்பு வந்துருச்சுன்னு ஒரு நம்பிக்க ஊர்ல உண்டு, கேட்டு கம்பிய செவப்பா அடிச்சு வருஷக்கணக்கா விட்டிருப்பாவ. அது மேல மூடி இல்லாம நின்னா ஈரம் உள்ள இறங்கும், அடியில துரு பைய நடக்கும், மேல எனாமல் வந்தாத்தான் அதுக்கு மரியாத. பட்டி வச்ச எடத்த வெள்ளம் போடாம காஞ்ச பேப்பர்லயே தேய்ங்க, மேல ப்ரைமர் வந்து மூடுன பொறவுதான் வெள்ளம் தொடணும். ப்ரைமர் காஞ்சதும் 320, அப்புறம் 400. வெரல் நுனிய விட உள்ளங்கைய படுக்க வச்சு தடவி பாருங்க, கண்ணுக்கு தெரியாத மேடு கைக்கு தெரியும்.

சரி, இப்ப பெயிண்ட். இதுல எனக்கு குரு குளச்சல்ல வள்ளத்துக்கு பெயிண்ட் அடிக்கிற ஒரு அண்ணன், சொந்தக்காரர் வழி பழக்கம். நம்ம மாவட்டத்துக்கு மீன்பிடி தடைக்காலமே ரெண்டு, கிழக்க சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், மேற்க குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும், போட்டெல்லாம் கரையில நிக்கிற அந்த நேரத்துல அவர கையில பிடிக்க முடியாது, பங்குனியில கொஞ்சம் சும்மா இருந்தாரு. சாயா குடிச்சிட்டு வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்துட்டு சொன்னாரு, "தகடு எல்லாம் நல்லா நெரப்பாத்தான் கெடக்கு மக்கா, வள்ளத்துக்கு வளவு கூடுதல், இது அதவிட லேசு." உண்மைதான், இந்த பழைய ஜீப்போட டிசைனே கையால பெயிண்ட் அடிக்கிறதுக்குன்னு செஞ்ச மாதிரி, பெரும்பாலும் தட்டத்தகடு, ஒவ்வொரு பேனலும் ஒரு மடிப்புலயோ ஓரத்துலயோ முடியும், ஒரு பேனல ஆரம்பிச்சு அதே பேனல்ல முடிச்சுக்கலாம், நடுவுல சேர்ப்புக் கோடு விழாது. இப்ப வர்ற வண்டியில இத செய்ய நான் சொல்ல மாட்டேன்.

அவரு சொல்லி தந்த முறை இது. டப்பாவ அடி வரைக்கும் கலக்கு, கம்பு வச்சு கலக்கும்போது கம்பு அடியில கட்டி தட்டக்கூடாது. அத பழைய வேட்டித்துணியில வடிகட்டி வேற பாத்திரத்துல எடு. டர்பன்டைன் கொஞ்சம் கொஞ்சமா விட்டு இளக்கு, ரோலருக்கு ப்ரஷ்ஷுக்கு எடுக்கறத விட கொஞ்சம் கூடுதலா இளகணும், நம்ம கஞ்சி வெள்ளம் இருக்குல்ல, அந்த பதம். மொதல்ல சின்ன ப்ரஷ் வச்சு மூல முடுக்கு, போல்ட் தல, மடிப்பு இதெல்லாம் தொட்டு விடு. அப்புறம் நெருக்கமான ஃபோம் ரோலர், நாலு இஞ்ச், சாதா செவப்பு ஃபோம் வாங்கிராதீங்க, பிஞ்சு பொடி பொடியா பெயிண்ட்ல ஒட்டும். ரோலர ட்ரேயில நல்லா பிழிஞ்சு, ஒரு ரெண்டடி அகலத்துக்கு மேலயும் கீழயும் உருட்டு, அப்புறம் குறுக்க உருட்டு. இப்ப பாத்தா மேல பூரா சின்ன சின்ன குமிழா நிக்கும், பதறாதீங்க. உடனே நல்ல மூணு இஞ்ச் ப்ரஷ்ஷ, பெயிண்ட் தொடாம, கிட்டத்தட்ட காஞ்ச ப்ரஷ்ஷ, படுக்க பிடிச்சு, ரோமத்தோட நுனி மட்டும் படுற மாதிரி, மேல இருந்து கீழ ஒரே இழுப்பு. குமிழ் உடைஞ்சு, ப்ரஷ் கோடு விழும், பாத்துக்கிட்டே இருங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல அந்த கோடு தானா படுத்து மறைஞ்சு போகும். அத பாக்கிறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இன்னொரு வண்டி வாங்கலாம்.

"போன எடத்துக்கு திரும்பி போவாத"ன்னு அண்ணன் நூறு தடவ சொல்லிருப்பாரு. ஒரு எடம் விட்டு போயிருக்கு, ஒரு பூச்சி ஒட்டிருக்கு, ஒரு சொட்டு வழியுதுன்னு கண்ணுல படும், கை அரிக்கும். எறுக ஆரம்பிச்ச எனாமல்ல ப்ரஷ் வச்சா உழுது வச்ச வயல் ஆகிரும், விட்ருங்க, காஞ்ச பொறவு 600 பேப்பர் போட்டு அடுத்த கோட்ல சரி பண்ணலாம். மெல்லிசு மெல்லிசா நாலு கோட் வேணும், மொதக் கோட் அடிச்சதும் ப்ரைமர் செவப்பு திட்டு திட்டா தெரியும், அசிங்கமாத்தான் இருக்கும். அத பாத்து பயந்து கனமா அடிச்சா வழியும், உள்ள காயாம மேல தோல் கட்டி நாள்பட சுருங்கும். எனாமல் காயுறது டர்பன்டைன் ஆவியாகுறதால மட்டும் இல்ல, அதுல இருக்கிற எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்சிஜன பிடிச்சு எறுகணும், அதுக்கு மெல்லிசும் வேணும் நேரமும் வேணும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறஞ்சது ஒரு நாள், ஈரக்காத்து உள்ள நாள்னா ரெண்டு.

நேரம் காலத்த பனி காஞ்ச பொறவு, வெயில் தகட்டுல ஏறுறதுக்கு முன்ன. எட்டரையில இருந்து பத்தரைக்குள்ள முடிச்சிருவேன். வெயில்ல சூடான தகட்டுல ரோலர் வச்சா பெயிண்ட் ஓடிப் படியுறதுக்கு முன்ன எறுகிரும், மத்தியானத்துக்கு மேல காத்தும் எழும்பும், வைகிட்டு அடிச்சா காயுறதுக்குள்ள பனியும் பூச்சியும் வரும். ஆரல்வாய்மொழி பக்கத்து ஆளுங்க இத படிக்கிறீங்கன்னா உங்களுக்கு என் அனுதாபம், காத்தாலை சுத்துற ஊர்ல தொறந்த எடத்துல பெயிண்ட் அடிக்கிறது நடக்காது, நாலு பக்கமும் மறைப்பு கட்டணும். சாய்ப்புக்கு ரெண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையில வெள்ளம் தெளிச்சு தூசிய அடக்கிட்டுத்தான் டப்பாவே தொறப்பேன். ஆனாலும் மூணாவது கோட்ல ஒரு எட்டுக்கால் பூச்சி பானட்ட குறுக்க நடந்து போயிருக்கு, அத பேப்பர் போட மனசு வரல, நாலாவது கோட்டுக்கு அடியில அது கால் தடம் இப்பவும் இருக்கு.

இன்னொண்ணு, பெயிண்ட் தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க. எண்ணெய் சேந்த பெயிண்ட் காயுறப்ப சூடு விடும், குவிச்சு போட்ட துணியில அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீப்பிடிக்க கூடும். வெளிய விரிச்சு காய விடுங்க, இல்ல வெள்ளத்துல முக்கி வைங்க. சுத்தி காஞ்ச ரப்பர் சருகு கெடக்கிற ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல.

வீல் டிஸ்க்க பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, காத்த எறக்கி, டயர் ஓரத்துல க்ரீஸ் தடவி விட்டா பெயிண்ட் டயர்ல ஒட்டாது, கருப்பு எனாமல் ரெண்டு கோட். சேஸிஸும் கருப்புதான். ஊர்ல பெரியவங்க சொல்ற ஒரு வைத்தியம், பழைய எஞ்சின் ஆயில அடியில அடிச்சு விடுறது, துரு பிடிக்காதாம். துரு கொஞ்சம் அடங்கும்தான், ஆனா ஆயில் பட்டா ஸ்ப்ரிங் புஷ்ஷோட ரப்பர் ஊதி கெட்டு போகும், சொட்டு சொட்டா தோட்டத்து மண்ணுலயும் கெணத்தடியிலயும் விழும், அப்புறம் என்னைக்காவது பெயிண்ட் அடிக்கணும்னா அந்த தகட்டுல ஒண்ணும் பிடிக்காது. எங்க வண்டியில அப்பா அப்பிடி அடிச்ச எடத்தயெல்லாம் சோப்பாயில் போட்டு தேச்சு எடுக்கவே எனக்கு முதுகு போச்சு.

அடிச்சு முடிச்சதும் தொட்டு பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா நகம் வச்சு அழுத்துனா தழும்பு விழும். முழுசா எறுக வாரக்கணக்கு ஆகும், அது வரைக்கும் மேல தார்ப்பாய் போடாதீங்க, ஒட்டிக்கிட்டு அச்சு விழும், ப்ரஷர் வாஷும் வேண்டாம். எறுகுன பொறவு வேணும்னா 1000, 1500 பேப்பர் போட்டு ரப்பிங் காம்பவுண்ட், அதாவது பாலிஷ் பசை, போடலாம், நான் பானட்டுக்கு மட்டும் போட்டேன், அதுக்கு மேல கை வலிக்குது, அன்னாசி முள்ளுக்கு எதுக்கு பாலிஷ். பத்தடி தள்ளி நின்னு பாத்தா ப்ரஷ்ல அடிச்சதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கிட்ட வந்து சாய்ஞ்சு பாத்தா பக்கவாட்டுல மெல்லிசா ஆரஞ்சு தோல் கணக்கா தெரியும், தெரியட்டும். வாங்குன 4 லிட்டர் டின்ல முக்கால்வாசி ஆச்சு, ப்ரைமர், பேப்பர், பட்டி, வெல்டிங் கூலி, ரோலர் எல்லாம் சேத்தும் நாகர்கோவில்ல சொன்னதுல கால்பங்கு கூட வரல. என் கூலி கணக்குல இல்ல, அத அம்மை சாப்பாட்டுல கழிச்சுக்கிட்டாங்க.

இப்ப எடவப்பாதி பூரா நனைஞ்சு, பேச்சிப்பாற பக்கம் ரெண்டு மூணு தடவ ஏறி இறங்கி, வண்டி எப்பிடி இருக்குன்னா, வலது ஃபெண்டர்ல ஒரு பாற நல்லா ஒரசி தகடு வரைக்கும் போச்சு, மீதி பெயிண்ட சின்ன சின்ன கண்ணாடி பாட்டில்ல வாய் வரைக்கும் நெரச்சு மூடி வச்சிருந்தேன், உள்ள காத்து இல்லன்னா தோல் கட்டாது. 120, 320, தொட்டு ப்ரைமர், மறுநாள் ரெண்டு இஞ்ச் ப்ரஷ்ல பெயிண்ட், சேந்த எடம் எதுன்னு எனக்கே இப்ப தேடணும். கால் வைக்கிற எடத்துல ரப்பர் மேட் திரும்ப போடல, சும்மாவே விட்டிருக்கேன், மழ வெள்ளம் ஓட்ட வழியா போகுது. துருன்னு பாத்தா ஒரே எடம்தான், பின் கதவு சங்கிலி உரசுற எடம், அது பெயிண்டோட தப்பு இல்ல, சங்கிலிக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி விட்டேன்.

பாக்கி இருக்கிறது ஹூட். கேன்வாஸ் நஞ்சு போய் தையல் எல்லாம் விட்டிருக்கு, பெயிண்ட் புதுசா ஆனதும் அது இன்னும் கேவலமா தெரியுது. ரெடிமேட் ஹூட் எதுவும் நம்ம கம்பிக்கு சரியா உக்கார மாட்டேங்குது. மார்த்தாண்டம், தக்கல பக்கம் ஜீப் ஹூட் அளவெடுத்து நேர்ல தைக்கிற ஆள் யாராச்சும் உங்களுக்கு தெரிஞ்சா சொல்லுங்க, வடகிழக்கு மழைக்கு முன்ன முடிக்கணும்.